செருப்பைக் கீழே விட்டுவிட்டு வாருங்கள்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது வீட்டைப் பார்த்து ‘வாவ்’ என்று சொல்லிவிட்டால் போதும், மனுஷர் உருகிப் போய்விடுவார். ரங்கீன் மஹாலைப் பார்த்து அப்படிச் சொல்லாதவர்களும் கம்மிதான். திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும் இரண்டு மாடி வீடு அது. அவருடைய பாட்டனார் குலாம் ரசூல் தோல் வியாபாரத்தில் செழித்திருந்த காலத்தில் கட்டியது. ஜன்னலுக்கு மேலெல்லாம் அரைவட்ட வளைவு, வளைவுக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி. காலை வெயில் பட்டால் தரையில் ஜமக்காளம் விரித்த மாதிரி இருக்கும். கூரைக்கு பர்மா தேக்கு உத்திரம். அதன்மேல் செங்கல்லை நெட்டாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடி.

கீழ்த்தளத்தில் நாங்கள் இருந்தோம். மேலே இரண்டு தளத்தையும் தனித்தனி அபார்ட்மென்ட்டாக மாற்றி, ஆன்லைனில் போட்டு, வெளியூர்க்காரர்களைத் தங்க வைத்தோம். சமையல், துணி, சண்டை, சமாதானம் எல்லாம் என் பொறுப்பு. ‘வாவ்’ கேட்பது மட்டும் அவர் பொறுப்பு.

மொட்டைமாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கே அதுதான் பெருமை. அது போதாதென்று, தண்ணீருக்குள்ளும் மலை தெரிந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று எவரோ ஒரு விருந்தாளி சொல்லிவிட்டுப் போனார். உடனே இவர் கருங்கல் பலகைகளாக மேலே ஏற்றி, ஒட்டி, அகலமாக ஒரு தொட்டி கட்டிவிட்டார். “கெழட்டு மாடிங்க இது, இத்தன கல்லையும் தண்ணியையும் தாங்குமா?” என்று கேட்டேன். “எங்க தாதா கட்டுனது, யானையே ஏறலாம்” என்றார். அவர் பாட்டனாரைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டால் நான் வாயைத் திறக்க முடியாது, குடும்ப கௌரவம் வந்துவிடும்.

கார்த்திகை தீபத்தன்று மேல் அபார்ட்மென்ட்டில் தன்யகுமார், சுருதி என்று ஒரு இளம் ஜோடி தங்கியிருந்தது. கைக்குழந்தைக்காரர்கள். வந்தவாசிப் பக்கத்து ஜைனர்கள், வேலை பெங்களூரில். முதல் மாடியில் வல்லரசு என்று ஒரு சென்னைக்காரர், குடும்பத்தோடு வந்திருந்தார். அவர், தீபத்துக்கு வந்திருந்த தன் சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டு, ‘மொட்டைமாடி சூப்பர், வந்துடுங்க’ என்று அழைத்துவிட்டார். சிநேகிதர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரரோ வாசலில் நின்றுகொண்டு கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எல்லோரையும் வாங்க வாங்க என்று மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஜாஸ்தி ஆயிடுச்சுங்க, போதும்.”

“வருசத்துக்கு ஒரு தீபம் கைசர். சாமி பாக்க வர்றவங்கள வேணாம்னு எந்த வாயால சொல்றது? அதும் நாம சொன்னா நல்லாவா இருக்கும்?”

இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம். தீபத்தன்று எங்கள் வீட்டு வாசலில் எத்தனையோ பேர் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இருந்தாலும் ‘வராதே’ என்று சொல்கிற வாய் எங்கள் வாயாக இருக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு பயம். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தபோது வேலைக்கார ஆராயி மூச்சிரைக்க வந்தாள்.

“பாயம்மா, மேல் ரூம் கதவு தெறக்கமாட்டேங்குது. அந்தப் பொண்ணு உள்ள இருந்து தட்டினே இருக்குது.”

எல்லோரும் தீபம் பார்க்க மாடிக்குப் போனபோது சுருதி மட்டும் அறையில் தங்கிவிட்டாள். ஜைனர்கள் இருட்டிய பிறகு சாப்பிடமாட்டார்கள் அல்லவா? பொழுது இறங்குவதற்குள் தானும் சாப்பிட்டு, பிள்ளைக்கும் ஊட்டிவிட்டு வருகிறேன் என்று புருஷனை அனுப்பியிருக்கிறாள். நான் படியேறிப் போய்க் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்தேன். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

“தாழ்ப்பாள எடும்மா” என்றேன்.

“எடுத்துட்டேன் அக்கா. கதவுதான் வரமாட்டேங்குது.” சுருதியின் குரல் கெஞ்சியது. “மேலருந்து சுண்ணாம்பா கொட்டுது அக்கா. பாப்பா தலையெல்லாம் வெள்ளையாயிடுச்சு.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே இருந்த வளைவு இரண்டாகப் பிளந்திருந்தது. வளைவின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய உத்திரம் ஒரு பக்கமாக இறங்கி, கதவு நிலையின் தலையில் உட்கார்ந்திருந்தது. ஐயோ அல்லா! உத்திரத்துக்கு நேர் மேலேதான் தொட்டி. தொட்டியைச் சுற்றித்தான் இத்தனை ஜனமும்.

“கடப்பாறை எடுத்தாரட்டா?” என்றாள் ஆராயி.

“கைய வைக்காத! இந்த நெலதான் இப்ப மாடியத் தாங்கினு இருக்குது. அத ஒடச்சா எல்லாம் உள்ள எறங்கிடும்.”

ஜன்னல் வழியாக எடுக்கலாமென்றால் கெட்டியான இரும்புக் கம்பி. ஆளைக் கூப்பிடலாமென்றால் தீபத்தன்று இந்த ஊரில் போன் எடுத்தால்தான் அதிசயம். நானும் அழுத்தி அழுத்திப் பார்த்தேன், ஒரு மணிகூட அடிக்கவில்லை. தெருவில் சைக்கிள் நுழைய வழியில்லை, தீயணைப்பு வண்டி எங்கே வருவது? பாரத்தை இறக்கினால்தான் கதவு விடும். பாரம் என்றால் மேலே நிற்கிற மனுஷர்கள்.

“சுருதி, நான் சொல்றதக் கேளு. புள்ளயத் தூக்கினு ஜன்னல் வளைவுக்குள்ள ஏறி நின்னுக்கோ. அங்க சுவரு கெட்டி. நடு ரூமுக்கு வராத. கத்தாத. நான் உன்ன வெளிய எடுக்காம இங்கருந்து போகமாட்டேன்.”

“அவர வரச் சொல்லுங்க அக்கா.”

“சொல்றேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

பொழுது இறங்கியதும் சொல்கிற மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. மாடி நிறைய தலைகள். எல்லோர் முகமும் மலைப்பக்கம். கோயில் ஒலிபெருக்கி மாடிக்கு மாடி எதிரொலித்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார், வந்த சூட்டில் திரும்பி உள்ளே போய்விடுவார். அந்தக் கணம் மலை உச்சியில் தீபம் எரியும். எரிந்ததும் ஊரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அரோகரா என்று குதிக்கும். என் மாடியில் நிற்கிறவர்களும் குதிப்பார்கள். மலைப்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு ஒரே மூச்சில் பாய்வார்கள். அந்தச் சுவரும் தொட்டி இருக்கிற பக்கம்தான்.

எங்கள் வீட்டுக்காரர் தொட்டியில் பூ தூவிக்கொண்டிருந்தார். சாமந்தி, ரோஜா இதழெல்லாம் தண்ணீரில் மிதந்தது. அவர் காதருகே போய் உருதுவில் சொன்னேன், சுற்றியிருப்பவர்களுக்குப் புரியக்கூடாதென்று. கீழே உத்திரம் இறங்கிவிட்டது, கதவு இறுகிவிட்டது, சுருதியும் குழந்தையும் உள்ளே.

அவர் கை அப்படியே நின்றது. “இன்னும் கொஞ்ச நேரந்தான். தீபம் பாத்துட்டா இவங்களே எறங்கிடுவாங்க” என்று அவரும் உருதுவிலேயே முணுமுணுத்தார்.

“தீபம் பாத்ததும் குதிப்பாங்க. குதிச்சா புள்ள மேல மாடி விழும். புரியுதா உங்களுக்கு?”

“மாடி விழுதுனு சொன்னா எல்லாரும் ஒரே நேரத்துல படிக்கு ஓடுவாங்களே கைசர்.”

அது உண்மைதான். எங்கள் படிக்கட்டு குறுகல். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் திரும்பித்தான் போகவேண்டும். சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு. தீபம் ஏறப்போகிற நேரத்தில், மலையைப் பார்த்து நிற்கிற ஜனத்தை, அவர்களாகவே, மெதுவாக, வரிசையாக இறங்க வைக்க எந்த வார்த்தை இருக்கிறது?

அப்போது தன்யகுமார் கூட்டத்திலிருந்து திரும்பிச் சிரித்தான். “மேடம், சுருதி சாப்ட்டாச்சா? சீக்கிரம் வரச் சொல்லுங்களேன், மிஸ் பண்ணிடுவா.”

“வந்துனே இருக்கா தம்பி” என்றேன். இவனிடம் உண்மையைச் சொன்னால் கத்துவான், கத்தினால் கதை முடிந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தேன். குனிந்த கண்ணில் அவன் காலில் இருந்த ஷூ பட்டது. பக்கத்தில் வல்லரசுவின் தோல் செருப்பு. அவர் மனைவியின் குதிகால் உயர்ந்த செருப்பு. மாடி முழுக்கச் செருப்புக் கால்கள்.

எங்கிருந்துதான் எனக்கு அந்தக் குரல் வந்ததோ!

“என்னாங்க இது அநியாயமா இருக்குது! மலையே சாமினு சொல்ற ஊருங்க இது. செருப்பப் போட்டுனா தீபம் பாக்க நிக்கிறீங்க?”

எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கோயிலுக்குள்ள போட்டுனு போவீங்களா? நாங்களே இன்னிக்கு இந்த மாடிக்கு வெறுங்கால்லதான் ஏறுவோம். பாருங்க, எங்க வீட்டுக்காரர் கால. எல்லாத்தையும் கீழ வாசல்ல விட்டுட்டு, குழாய்ல கால அலம்பினு வாங்க. நேரம் இருக்குது. ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க, தள்ளாதீங்க, நல்ல நாள் அதுவுமா.”

“இங்கயே ஓரமா கழட்டி வெச்சிடறோமே” என்றார் வல்லரசு.

“சாமி நிக்கற தெசையில செருப்ப வெப்பீங்களா சார்? கொழந்த குட்டியோட வந்திருக்கீங்க.”

அவர் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. “அவங்க சொல்றது கரெக்ட்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல பாருங்க” என்று முதல் ஆளாக இறங்கினார். அப்புறம் எல்லோரும் குற்றம் செய்த பிள்ளைகள் மாதிரி வரிசையில் இறங்கினார்கள். நான் படியின் உச்சியில் நின்று, “பைய, பைய” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்தான் பைய என்றது. உள்ளே நெஞ்சு ஓடு ஓடு என்று அடித்துக்கொண்டது. தன்யகுமார் தன் அறைக் கதவு முன்னால் நின்று, “சுருதி!” என்று தட்டப் போனான். “துணி மாத்தினு இருக்கா, நீ கால அலம்பினு வா” என்று ஆராயி அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, புண்ணியவதி தானாகச் சொன்னாள்.

கடைசி விருந்தாளியும் இறங்கியதும், ஆராயி கீழ்ப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மேலே ஓடிவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அறைக் கதவைத் தள்ளினோம். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு விலகியது. அவ்வளவுதான், அதற்குமேல் வரவில்லை. விலகிய சந்தில் சுருதியின் ஒரு கண் தெரிந்தது.

“தொட்டித் தண்ணியத் தொறந்து வுடுங்க!” என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

“தொறந்துட்டேன்! பூ அடைக்குது!” என்று அவர் குரல் வந்தது.

மேலே போய்ப் பார்த்தேன். தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியில் இருந்த துளையிலிருந்து இதழ்களை வாரி வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தார். கை எடுத்தால் உடனே அடைத்துக்கொண்டது. கை வைத்திருந்தால் தண்ணீர் மளமளவென்று போனது. அவர் முழங்காலுக்குக் கீழே தரை லேசாகக் குழிந்திருந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருந்தார்.

“நான் எறங்கிடட்டுமா கைசர்?”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம், வாங்க என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கீழே அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கதவு விடற வரைக்கும் கைய எடுக்காதீங்க. புள்ள வெளிய வந்ததும் கூப்பிடறேன். ஒரே ஓட்டமா வந்துடுங்க.”

“கூப்பிடு” என்றார்.

இறங்கி வந்தேன். கீழே கலாட்டா ஆரம்பித்துவிட்டது. கால் அலம்பிவிட்டு வந்தவர்கள் தாழ்ப்பாள் போட்ட கதவை இடித்தார்கள். “மேடம், கதவத் தொறங்க!” “தீபம் ஏறப்போவுதுங்க!” “அப்சல் பாய்! என்ன வெளையாட்டு இது?” என்று எங்கள் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். வல்லரசுவின் குரல் எல்லோரையும் மீறி வந்தது. “நான் அப்பவே நெனச்சேன். இவங்கள நம்பி வந்தோம் பாரு. வேணும்னே நம்மள பாக்க விடாம பண்றாங்க!”

சுருக்கென்றுதான் இருந்தது. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. கதவில் தோளை வைத்தேன். ஆராயியும் வைத்தாள். மேலே தண்ணீர் வடிய வடிய, நிலை ஒரு முனகல் முனகியது. கதவு நகர்ந்தது. ஒரு கை நுழைகிற சந்து. பிறகு ஒரு முழங்கை.

“புள்ளயக் குடு! மொதல்ல புள்ளயக் குடு!”

சுருதி குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பி நீட்டினாள். தலை நுழைந்தது. இடுப்பில் கட்டியிருந்த துணி தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது. நான் பல்லால் கிழித்தேன். குழந்தை என் கையில் வந்து விழுந்தது, முகமெல்லாம் சுண்ணாம்பு, கண்ணை மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. ஆராயியிடம் கொடுத்தேன். சுருதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சந்தில் செருகினாள். கையைப் பிடித்து இழுத்தேன். தோள் தோலெல்லாம் உரிந்தது. “இழுங்க அக்கா, பரவால்ல, இழுங்க!” என்றாள். இழுத்தேன். வந்துவிட்டாள். என்மேல் விழுந்து, “அக்கா, அக்கா” என்று அழுதாள்.

“அழ நேரமில்ல, எறங்கு!” என்று அவளைப் படியில் தள்ளிவிட்டு மேலே பார்த்துக் கத்தினேன். “வந்துட்டாங்க! எறங்குங்க! வந்துட்டாங்க!”

அந்த நேரத்தில்தான் தீபம் ஏறியது.

ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா எழுந்தது. வெடிச்சத்தம், மணிச்சத்தம், மேளம். தெருவில் நின்ற ஜனம், எதிர் லாட்ஜ் மாடியில் நின்ற ஜனம், என் வீட்டுக் கீழ்ப்படியில் என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஜனம், எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு கத்துவதை விட்டுவிட்டுப் படியில் ஓடினேன்.

மாடி வாசலுக்கு வந்து நின்றேன். மலை உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, தொட்டிக்குள் கையை விட்டபடி, மாடிப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் வா வா என்றேன்.

“புள்ள?” என்று வாயை அசைத்தார்.

நான் தலையை ஆட்டினேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தொட்டியிலிருந்து கையை எடுத்தார். இதழ்கள் ஒட்டிய அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு கால் ஊன்றினார். இன்னொரு கால் ஊன்ற அங்கே மாடி இல்லை. கல்லும் செங்கல்லும் தண்ணீரும் அவரும் ஒன்றாக உள்ளே போனார்கள். நான் நின்ற படிக்கட்டுக்குத் தனிச் சுவர் என்பதால் அது மட்டும் நின்றது.

கீழே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெருவோடு சேர்ந்து அவர்களும் இன்னும் அரோகரா சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ தாழ்ப்பாளை உடைத்துவிட்டார்கள் போல, சுண்ணாம்பு பூசிய பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தன்யகுமார் அதன் பெயரைச் சொல்லிக் கதறுவது கேட்டது, சுருதி அவனுக்குப் பதில் சொல்வதும் கேட்டது. நான் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, புழுதிக்குள் தலையை நீட்டி அவரைக் கூப்பிட்டேன். என்னாங்க, என்னாங்க என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. எங்கள் பக்கம் அது வழக்கமில்லை. அன்றைக்கு அழைத்தேன். அப்சல், அப்சல் என்று, வல்லரசு வந்து என் தோளைப் பிடித்துத் தூக்குகிற வரைக்கும் அழைத்துக்கொண்டே இருந்தேன்.